கால் கழுவி ஏறும் வீடு

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் இலுப்பைமுனையில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. அறுவடை முடிந்த வயல் வட்டைகளுக்கு மேலால் மேற்கிலிருந்து சூட்டை அள்ளிக்கொண்டு வந்து, வீடு வளவு எல்லாவற்றையும் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு வாவிக்குள் இறங்கிப் போகும். கொடியில் போட்ட சீலையை அடுத்த வளவு வேலியில் தேட வேண்டும். அந்தக் காற்றுக்கு உதயரூபனின் முகமும் ஒன்றுதான், கிழிந்த சீலையும் ஒன்றுதான். சந்தியில் அம்மன் கோயிலை மறைத்துக் கட்டியிருந்த பதாகையில் அவனுடைய நெற்றி மடிந்து மூக்கின் மேல் விழுந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இளைஞர் கழகத்துக்காரர் ஏணி வைத்து நிமிர்த்திப் பார்த்துக் களைத்துப்போய், "ஆள் வாற அண்டைக்கு நிமித்துவம்" என்று விட்டுவிட்டார்கள்.

தங்கப்பிள்ளை கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அந்த முகத்தைப் பார்ப்பாள். தம்பியின் தலையில் முடி கொட்டிப்போனது அவளுக்குப் பதாகையில்தான் தெரிய வந்தது. மீசை சரியாக அரும்பாத வயதில் நாட்டை விட்டுப் போனவன். நோர்வேயில் படித்து, கட்டடக் கலைஞனாகி, பனி மூடும் ஊர்களில் நூலகமும் மண்டபமும் கட்டினானாம். தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் போன் எடுப்பான். "சாப்பிட்டயா அக்கா? உடம்பு என்ன மாதிரி?" இரண்டுக்கும் ஒரே பதில்தான், "நல்லா இரிக்கன் தம்பி." அதோடு பேச்சு முடிந்துவிடும். அவனுக்கு ஐரோப்பாவில் ஏதோ பெரிய விருது கிடைத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அன்றைக்குத்தான் ஊருக்கே அவன் ஞாபகம் வந்தது. அதுவரை வல்லிபுரத்தின் பொடியனாக இருந்தவன் ஒரே இரவில் எங்கட உதயனாகிவிட்டான்.

"அக்கோவ்! ஊட்டிலயா?"

வேலிக் கடப்படியில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு மஜீட் காக்கா எப்போதும் இப்படித்தான் கூப்பிடுவார். ஏறாவூர்க்காரர், நெல் வியாபாரி. அவர் வாயில் வீடு ஊடாகத்தான் வரும். தங்கப்பிள்ளையின் பதிலும் எப்போதும் ஒன்றுதான்.

"இல்ல காக்கா, பின்னுக்கு! அடுப்படியில!"

அவளுடைய சீவியமே அந்த அடுப்படிதான். வளவின் பின்பக்கத்தில் பலா மரத்தின் கீழே, பெரிய கல் வைத்த அடுப்பு. மஜீட் காக்கா நெல்லைக் கொண்டுவந்து இறக்குவார். அவள் ஊறப்போட்டு, பொச்சுமட்டையும் உமியும் போட்டு எரித்து அவித்து, முன்வாசலில் படங்கு விரித்துக் காயவைப்பாள். வெயிலுக்குள் நடந்து நடந்து காலால் துழாவிக் கொடுக்க வேண்டும். காகமும் கோழியும் பார்க்க வேண்டும். காய்ந்ததை அவர் மில்லுக்கு ஏற்றிப் போவார். ஆவியில் நெல்லு வாய் திறக்கிற மணத்தை வைத்தே இறக்குகிற பதம் அவளுக்குத் தெரியும். அந்த மணம் அவள் சீலையிலும் தலைமயிரிலும் ஏறிப் பல வருடமாகிறது. அந்த வளவில் அவளோடு இருந்தது அது ஒன்றுதான்.

மஜீட் காக்கா சாக்கின் மேல் குந்திக்கொண்டு தேத்தண்ணியை உறிஞ்சினார்.

"மவள் றிஸ்லாட ஊட்டு வேல முடிஞ்சிட்டு அக்கா. அடுத்த மாசம் கலியாணம். நானும் பொண்டாட்டியும் பொறத்தால சாய்ப்பா ஒரு பத்தி இறக்கி அதுக்குள்ள போயிட்டம்."

"முன்வீட்ட விட்டுப் போக மனம் வந்ததா காக்கா?"

"என்ன கத கதைக்கிங்க! கட்டினதே அவளுக்குத்தானே. நம்மட பக்கத்தில ஆம்புளைக்கு ஏது ஊடு? பொறந்தா உம்மாட ஊடு, முடிச்சா பொண்டாட்டிட ஊடு. மௌத்தானாத்தான் சொந்தமா ஒரு இடம் கிடைக்கும்." தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறகு முன்பக்கம் கண்ணைக் காட்டிக் கேட்டார். "தம்பி வந்தா இஞ்சதான் நிப்பாரா?"

"பாசிக்குடாவில ஹோட்டலாம். கழகத்து விஜிதரன் மாஸ்டர் சொன்னார்."

"அப்ப சாப்பாட்டுக்கு வருவார்."

"வருவான். வராம?" என்றாள் தங்கப்பிள்ளை. குரலில் கொஞ்சம் சண்டை இருந்தது. மஜீட் காக்காவோடு அல்ல.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கப்பிள்ளை பெரியபிள்ளையானதும் தகப்பன் வல்லிபுரம் அவளுக்கென்று கட்டத் தொடங்கிய கல்வீடு அது. ஒரு போகம் விளைந்தால் ஒரு சுவர் எழும்பும், விளையாவிட்டால் புல் எழும்பும். அப்படி இப்படி ஓடு போட்டு முடிப்பதற்குள் அவளுக்குக் கலியாண வயதும் வந்துவிட்டது. பால் காய்ச்சிய அன்று தாய்வழிக் குடியில் மூத்தவர்கள் எல்லாரையும் விறாந்தையில் இருத்தி, "இது மூத்தவள்ட வீடு. உரிமை எழுத்தைக் கலியாணத்தண்டைக்கு எழுதுவம்" என்று வல்லிபுரம் சொன்னார். எல்லாரும் வெற்றிலை போட்டார்கள். சித்தாண்டியில் தவநாயகம் என்று ஒரு மாப்பிள்ளை. ஒருநாள் வந்து வீட்டைப் பார்த்து, கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்து, "நல்ல தண்ணி" என்றான். அவன் அவளிடம் சொன்ன மொத்தப் பேச்சும் அவ்வளவுதான். தொண்ணூறாம் ஆண்டு, போர்க் காலம், கலியாணத்துக்கு நாள் வைத்த பிறகு, அரிசி வாங்கச் சந்திக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆகவே கலியாணமும் இல்லை, எழுத்தும் இல்லை. அவள் வேறொருவனைப் பார்க்க மறுத்துவிட்டாள். தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு மட்டும் நின்றது. அவளும்.

உதயரூபன் வந்த அன்று கழகத்துக்காரர் பதாகையை நிமிர்த்தியே விட்டார்கள். பாடசாலை மைதானத்தில் பந்தல். மேளம், ஆலாத்தி, பொன்னாடை. தங்கப்பிள்ளையை முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார்கள். தம்பி மேடையேறும் முன் அவளிடம் வந்து குனிந்து தோளைப் பிடித்தான். "அக்கா, மெலிஞ்சிட்டயே." அதற்குள் யாரோ அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் கை பட்ட இடத்தை அவள் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

அவன் நன்றாகப் பேசினான். அத்தனை வருடம் வெளியில் இருந்தும் ஊர்ப்பேச்சு மாறவில்லை.

"நான் எவ்வளவோ கட்டடம் கட்டிட்டன். ஆனா எல்லாத்தையும் படிச்சது அம்மாட வீட்டிலதான். அந்த வீட்டுக்குள்ள போறண்டால் குனியோணும். எவ்வளவு பெரிய ஆளெண்டாலும் குனியோணும். உள்ள போனா கூரையால வெயில் சல்லிக்காசு மாதிரிச் சல்லி சல்லியா நிலத்தில விழும். நானும் அக்காவும் அதப் பொறுக்கி விளையாடுவம்."

தங்கப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. உள்ளங்கையில் வெயிலைப் பிடித்துப் பொத்தி, "என்டயில கூட இரிக்கி" என்று அவன் அடம்பிடித்தது ஞாபகம் வந்தது. கூடவே மனதில் ஏதோ இடறியது. என்ன என்று பிடிபடுவதற்குள் அவன் அடுத்ததைச் சொல்லிவிட்டான்.

"நான் பிறந்து வளர்ந்த அந்த வீட்ட இந்த ஊருக்கே குடுக்கிறன். அது நூலகமா, பிள்ளையள் வந்து படிக்கிற இடமா இரிக்கட்டும்."

பந்தல் அதிர்ந்தது. விஜிதரன் மாஸ்டர் எழுந்து நின்று கைதட்டினார். கழகத் தலைவர் அவர்தான், இந்த ஏற்பாடெல்லாம் அவருடையதுதான். இலுப்பைமுனையில் தன் பெயரில் வீடு வைத்திருக்கும் ஆம்பிளை ஒருவனைத் தேடிப் பிடித்தால் அவனுக்குத்தான் முதலில் பொன்னாடை போர்த்த வேண்டும். தட்டிய ஆண்கள் எல்லாரும் பெண்சாதி வீட்டில் இருப்பவர்கள். தட்டிய பெண்கள் எல்லாரும் தாய் கொடுத்த வீட்டிலிருந்து எழும்பி வந்தவர்கள். ஒருவருக்காவது உறுத்தவில்லையா, அல்லது உறுத்தியும் தட்டினார்களா, அம்மனுக்குத்தான் வெளிச்சம். தங்கப்பிள்ளையும் தட்டினாள். எல்லாரும் தட்டும்போது கை தானாக எழும்பிவிட்டது. பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி இருந்தாள்.

கூட்டம் கலையும்போது வண்ணக்கர் நல்லரத்தினம் வந்தார். கோயில் காரியம் பார்ப்பவர், குடியில் மூத்தவர். வல்லிபுரம் பால் காய்ச்சிய அன்று விறாந்தையில் முதல் வெற்றிலை போட்டவரும் அவர்தான்.

"தங்கம், பெரிய மனசுகா உங்கட குடும்பத்துக்கு."

"அண்டைக்கு நீங்களும் இரிந்தயள்தானே, பெரியப்பா? அப்பா சொல்லக்குள்ள?"

நல்லரத்தினம் சால்வையை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார். "இரிந்தன்தான் புள்ள. ஆனா அது கலியாணத்துக்குப் பேசின பேச்சுத்தானே. கலியாணம்தான் நடக்கல்லியே." சொன்னது அவருக்கே நன்றாகப்படவில்லை. "வெயில் கூடிட்டு, நான் வாறன்" என்று போய்விட்டார்.

அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். தவநாயகம் வராமல் போனதற்கு இத்தனை காலம் அழுதது போதாது, இன்னும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் காலையில் அவர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். உதயரூபன், விஜிதரன் மாஸ்டர், படம் எடுக்க ஒருவர், அளக்க ஒருவர். முன்வாசலில் காய்ந்துகொண்டிருந்த நெல்லைப் படங்கோடு இழுத்து ஓரமாக்கினார்கள். சப்பாத்துக் காலோடு விறாந்தையில் ஏறினார்கள். சுவரில் சிவப்புப் புள்ளி விழும் ஒரு கருவியால் அறை அறையாக அளந்தார்கள். உள்ளறைக் கதவைத் திறந்து, "இது வாசிகசாலைக்கு அளவான அறை" என்றார் விஜிதரன் மாஸ்டர். தங்கப்பிள்ளை குசினியில் நின்று தேங்காய் துருவினாள். இப்படி ஒரு தேங்காயை அவள் துருவியதில்லை, சிரட்டையே தேய்ந்து போயிருக்கும்.

எல்லாரும் போன பிறகு தம்பி மட்டும் சாப்பிட நின்றான். சிவப்புப் பச்சையரிசிச் சோறு, மாங்காய் போட்ட திரளிமீன் சொதி, இறால் போட்ட முருங்கையிலைச் சுண்டல், எருமைத்தயிர். அவன் குழந்தை மாதிரி விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். சொதியை மறுபடி கேட்டு வாங்கினான். அவளுக்கு மனம் இளகிப்போயிற்று. கேட்காமலே விட்டுவிடுவோமா என்றுகூட வந்தது.

"அக்கா, நீ யோசிக்காத. உனக்குப் பின்னால சின்னதா ஒரு வீடு வரைஞ்சிரிக்கன். ஒரு அறை, ஒரு குசினி. காத்து நல்லா வரும். பாக்கிறயா?" போனை எடுத்துக் காட்டினான். அழகான வீடுதான். பலா மரம்கூட வரைந்திருந்தான். அவளுடைய அடுப்பு மட்டும் அதில் இல்லை.

"மகளுக்கு வீட்டக் குடுத்திட்டுத் தாய் தகப்பன் பின்னால போறது தெரியும்" என்றாள் அவள் மெல்ல. "நான் ஆருக்குக் குடுத்திட்டுப் போறன் தம்பி?"

அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஊருக்குத்தானே அக்கா."

"கை கழுவிட்டு வா. உன்னட்ட ஒண்டு கேக்கோணும்."

முன்கதவடியில் அவனை நிறுத்தினாள். மாப்பிள்ளை தலை நிமிர்ந்து வர வேண்டும் என்று வல்லிபுரம் ஆசாரியாரிடம் சொல்லிச் செய்வித்த கதவு. உதயரூபன் நல்ல உயரம், அவனுக்கு மேலேயும் ஒரு முழம் இருந்தது.

"காலையில இதால போனயே, குனிஞ்சயா?"

"இல்ல..."

"மேல பார். ஓடு. இதுக்குள்ளால சல்லி விழுமா?"

அவன் மேலே பார்த்தான். கதவைப் பார்த்தான். ஏதோ கணக்குப் பிழைத்தவன் மாதிரி விறாந்தையைச் சுற்றிப் பார்த்தான்.

"நான் இஞ்சதானே அக்கா படிச்சன்? இந்த விறாந்தையில. சீமேந்து குளுகுளு எண்டு இரிக்கும்."

"படிச்சாய். படுத்தது எங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான். பலா மரத்தடியில், அவித்து இறக்கிய நெல்லில் இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. காற்று சாம்பலைக் கிளப்பி இருவர் முகத்திலும் அடித்தது.

"இதான் வாசல்" என்றாள். காலால் ஒரு கோடு கீறினாள். "நம்மட ஓலைக் குடில் இஞ்சால இருந்து அந்தப் பலா மட்டும். அம்மா கிடக்கிறது இந்தப் பக்கம். நீ பிறந்தது இந்த அடுப்பு இரிக்கிற இடத்தில. மருத்துவிச்சிக்கு வெந்நி கொண்டு குடுத்தது நான்தான். அந்தக் கல்வீட்டில நாம ஒரு ஆளும் கிடக்கல்ல தம்பி. கலியாணத்துக்கெண்டு பூட்டியே கிடந்திச்சு. நீ போனத்துக்குப் பொறகு வெள்ளத்தில குடில் விழுந்திட்டு. அம்மாட மண் சும்மா கிடக்கக் கூடாதெண்டு அடுப்ப வச்சன்."

முகத்தில் அப்பிய சாம்பலைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நீ குடுக்கோணுமெண்டால் இதக் குடு. இது அம்மாட வீடு. உனக்கும் இதில உரித்திரிக்கி. அது..." அவள் முன்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வாழ்நாளில் அந்தச் சொல்லை உரத்துச் சொல்ல அவளுக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. "அது என்ட."

"ஏன் அக்கா அங்கயே சொல்லல்ல?"

"அம்புட்டுச் சனம் உன்னப் பாத்துக்கொண்டிருக்கக்குள்ளயா மனே? நான் எழும்பி நிண்டு உன்ட முகத்தக் கறுக்கப் பண்ணவா?"

உதயரூபன் அவள் கீறிய கோட்டருகே வந்தான். அங்கே கதவும் இல்லை, நிலையும் இல்லை. ஆனாலும் குனிந்தான். குனிந்து ஒரு எட்டு வைத்து உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினான். பலா இலைகளுக்குள்ளால் விழுந்த வெயில் அவன் வெள்ளைச் சட்டையிலும் மொட்டைத் தலையிலும் சல்லி சல்லியாகக் கிடந்தது. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளையாக அழுதான்.

"அப்பா கத்துவாரு" என்றான் கைகளுக்குள்ளிருந்து. "நான் விறாந்தையில ஏறக்குள்ள எல்லாம் கத்துவாரு. 'டேய், அது அக்காட வீடு, கால் கழுவிட்டு ஏறு' எண்டு. இத எப்படி அக்கா நான் மறந்தன்?"

"தூரம் போனா மறக்கும்தான்."

"இஞ்ச இரிக்கிறவங்களும் மறந்திட்டாங்களே."

அவள் அடுப்புச் சாம்பலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களோடுதானே அவள் இருக்க வேண்டும்.

அவன் எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, வாளியால் அள்ளி முழங்கால் மட்டும் ஊற்றிக் குதிகாலைக் கல்லில் தேய்த்துக் கழுவினான். பிறகு ஈரக் காலோடு வந்து அவள் வீட்டு விறாந்தையில் ஏறினான். ஏறியவன் மூலையில் சுருட்டி வைத்திருந்த பன்பாயையும் தலையணையையும் பார்த்தான்.

"இஞ்சயா படுக்கிறாய்?"

"ஓம்."

"உள்ளறை கிடக்கே?"

"அது சோடியாப் படுக்கிறத்துக்கு அப்பா கட்டின அறை. தனிய எனக்கென்னத்துக்கு?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன்தான் தாங்க மாட்டாமல் தூணைப் பிடித்துக்கொண்டு வாசல் நெல்லைப் பார்த்தபடி நின்றான். பிறகு இறங்கிப் போய், காலையில் ஓரத்துக்கு இழுத்த படங்கைத் தனியே இழுத்து வெயிலில் சரியாக விரித்தான். காலால் துழாவியும் கொடுத்தான். வடிவாகத்தான் துழாவினான், மறக்கவில்லை.

புறப்படும் நாள் காலையில் அவன் கழகத்துக்காரரையும் நல்லரத்தினத்தையும் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் தன் பிழையைச் சொன்னான். நான் பிறந்த இடம் பின்னால், அடுப்படி. முன்வீடு அக்காவின் கலியாண வீடு, அதைக் கொடுக்க நான் ஆளில்லை. நூலகத்துக்குக் கோயில் காணியில் வரைந்து தருகிறேன், அக்காவின் பெயரில் எழுத்தையும் எழுதுவிக்கிறேன் என்றான். விஜிதரன் மாஸ்டருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நூலக விழாவுக்கு அச்சடித்த அழைப்பிதழ்கள் அவர் கையில் இருந்தன. நல்லரத்தினம் மட்டும் உடனே தலையாட்டி, "ஓம் ஓம், வல்லிபுரம் அப்படித்தான் சொன்னவர். எனக்கு நல்ல ஞாபகம்" என்றார். தங்கப்பிள்ளைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

தம்பி போனான். போகும்போது, "என்னோட வந்திரன் அக்கா" என்றான். "இந்தக் கிணத்துத் தண்ணி அங்க இல்லையே" என்றாள். இருவருக்கும் அது தெரிந்த பதில்தான். வாகனம் கிரான் பாதையில் திரும்பும் வரை கடப்படியில் நின்றாள். புழுதி அடங்கியது. பிறகு வழக்கம்போல ஒருவரும் இல்லை.

மத்தியானம் அடுப்பை அணைத்தாள். கிணற்றடியில் கால் கழுவினாள். பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். ஜன்னல்களைத் தள்ளித் திறந்ததும் கச்சான் உள்ளே பாய்ந்து இத்தனை வருடத்துத் தூசியைக் கிளப்பியது. பாயை நடுவில் விரித்துப் படுத்தாள். அறை அவளுக்குப் பெரிதாகத்தான் இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் கிடந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. அழுதாள். ஆனால் எழும்பிப் போகவில்லை.

கடப்படியில் லாண்ட்மாஸ்டர் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"அக்கோவ்! ஊட்டிலயா?"

மஜீட் காக்கா பதிலுக்குக் காத்திராமல், வழக்கம்போல வளவைச் சுற்றிப் பின்பக்கம் நடந்துவிட்டார். அடுப்படியில் ஒருவரும் இல்லை. அவர் திகைத்து நின்று இரண்டாம் தரமும் கூப்பிட்டார்.

"ஓம் காக்கா" என்றாள் தங்கப்பிள்ளை, படுத்த இடத்திலிருந்தே. குரல் அந்த வெற்று அறைக்குள் மோதி அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "வீட்டிலதான் இரிக்கன்."